ரோல் நம்பர் இருபத்திரண்டு

மயிலாப்பூர், சென்னை-4
5.10.1994, புதன்

நிஷாவின் அம்மா திருமதி தேவானை அவர்களுக்கு,

பிரணவின் அம்மா ஸ்ரீலக்ஷ்மி எழுதுவது. நேற்று ஹெட்மாஸ்டர் ரூமில் நாம் இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் அவர் காதைப் பொத்திக்கொண்டதை நீங்களும் பார்த்தீர்கள். க்ஷேமம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டதால் ஹெட்மாஸ்டர் வேதாந்தம் சார் கடைசியில் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்காது. 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு அம்மாக்களும் சேர்ந்து, ஒரே தாளில், இரண்டு கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமாம். எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் உட்காருவது என்று அதில் இருக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் இந்த வருஷம் இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டரும் இல்லை, வாழ்க்கைக் கல்வியும் இல்லை. அதுவரை வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் லைப்ரரியில் உட்கார்ந்து தூசி தட்ட வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த வரையில் நடந்தது இது. எட்டாம் வகுப்பில் நாற்பது பேர். போன வருஷம் கணக்கில் அறுபதுக்கு மேல் வாங்கிய இருபது பேருக்குக் கம்ப்யூட்டர். மீதி இருபது பேருக்குப் புஷ்பம் டீச்சரின் வாழ்க்கைக் கல்வி, அதாவது சமையல், தையல், ஃப்யூஸ் போடுவது. பிரணவ் எழுபத்தொன்று. உங்கள் நிஷா ஐம்பத்தெட்டு. ஜூலையில் முதல் வெள்ளிக்கிழமையே இரண்டும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. கம்ப்யூட்டர் சார் தி.நகரிலிருந்து வாரம் ஒருநாள் வருகிறவர். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், நம்பர்தான். பிரணவின் நம்பரான "ட்வென்ட்டி டூ" என்றால் உங்கள் பெண் "யெஸ் சார்" என்றிருக்கிறாள். புஷ்பம் டீச்சர் இந்த வருஷம்தான் வந்தவர், தலையை எண்ணுவதோடு சரி.

திங்கட்கிழமை ப்ரேயரில், காலாண்டுத் தேர்வில் கம்ப்யூட்டரில் தொண்ணூற்று நாலு வாங்கிய இருபத்திரண்டாம் நம்பருக்குப் பேனா பரிசு என்று சார் அறிவிக்க, பையன்கள் பிடித்துத் தள்ளிப் பிரணவ் மேடைக்குப் போயிருக்கிறான். "நீ இல்லப்பா, அந்தப் பொண்ணு" என்றாராம் சார். அங்கேதான் குட்டு உடைந்தது.

அந்தத் தொண்ணூற்று நாலை நம்பி நான் நாலு வீட்டுக்குத் திரட்டுப்பால் கொடுத்திருக்கிறேன். நியூஜெர்சியில் இருக்கும் என் பெரிய மைத்துனர் கல்யாணராமனுக்கு ஏரோகிராம் போட்டிருக்கிறேன். என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பிரணவ் கம்ப்யூட்டருக்கும் நிஷா தையலுக்கும் திரும்புவதுதான் நியாயம். சம்மதம் என்று ஒரு வரி எழுதி வலியுல்லாவிடம் கொடுத்தால் போதும். பிரணவைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் ரிக்‌ஷாக்காரர், உங்கள் பக்கம்தான் வீடு என்றார். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப எனக்குத் தைரியமில்லை. இதுகள் கடிதத்தையும் மாற்றிக் கொடுத்துவிடும்.

ஸ்ரீலக்ஷ்மி

பட்டினப்பாக்கம், சென்னை-28
6.10.94

பிரணவ் அம்மாவுக்கு தேவானை எழுதுவது.

உங்கள் கடிதத்தை வலியுல்லா பாய் கடைக்கே கொண்டுவந்தார். காலை எட்டு மணி, பஸ் ஸ்டாண்டு கூட்டம், இட்லிப் பானையை விட்டு நகர முடியாத நேரம். என் வீட்டுக்காரர் கோதண்டபாணிதான் சத்தமாகப் படித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் கேட்டார்கள். இனிமேல் பார்த்து எழுதுங்கள்.

நான் எட்டாவது வரை படித்தவள். ஹவுசிங் போர்டுக்கு எங்கள் பிளாக்கில் மனு எழுதுவது நான்தான். தண்ணீர் வரவில்லை என்று நான் எழுதிய மனுவுக்கு மூன்றாம் நாள் லாரி வந்தது. அதனால் ஒரு வரியில் சம்மதம் எழுதிக் கொடுப்பாள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பாதியில் எழுந்து போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்குப் போனேன் என்று எழுதவில்லையே. "இட்லிக் கடைக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று கேட்டது யார்? "உங்க புள்ளைக்குப் பல்லு வெளக்கி வுடறதும் நீங்கதானா?" என்று நானும் கேட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆரம்பித்தது நீங்கள்.

நிஷா தினமும் பம்ப் ஸ்டவ் பற்ற வைத்து, நூற்றைம்பது இட்லிக்கு மாவு கலக்கி, தூக்கு கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிறவள். அவளை உட்கார வைத்து "ஸ்டவ் பற்ற வைக்கும் முறை" என்று போர்டில் எழுதிப் போடுகிறார்கள். மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிற கதை. உங்கள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறதாம், பாய் சொன்னார். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இன்னொரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைக்கிறார்கள். பள்ளிக்கூடம் எதற்கு இருக்கிறது? வீட்டில் கிடைக்காததைக் கொடுக்கத்தானே?

ஏமாற்றியது தப்பு. அதற்கு நிஷா என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அவன்தாம்மா, அந்த ரூம்லேந்து எலுமிச்சை சாதம் வாசனை வருதுன்னு நின்னுகினு இருந்தான். எனக்குக் கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள இன்னா கீதுன்னு பாக்கணும். ரெண்டு பேருக்கும் சரியாப் பூட்ச்சு" என்றாள்.

நிஷா கம்ப்யூட்டரில்தான் உட்காருவாள். தொண்ணூற்று நாலு அவளுடையது. திரட்டுப்பாலைத் திருப்பி வாங்க முடியாது, மார்க்கைத் திருப்பிக் கொடுக்கலாம். தையலுக்குப் போகச் சொல்லும் கடிதத்தில் என் கையெழுத்து விழாது.

தேவானை

மயிலாப்பூர்
8.10.94

நிஷா அம்மாவுக்கு,

உங்களுக்கும், இதைக் கேட்டுக்கொண்டே இட்லி சாப்பிடும் உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் நமஸ்காரம்.

நீங்கள் வாதாடுவதைப் பார்த்தால் ஹைகோர்ட்டில் இருக்க வேண்டியவர். ஆனால் ஒன்று சொல்கிறேன். சமையல், பொத்தான் தைப்பது, ஃப்யூஸ் போடுவது எல்லாம் வயசானால் தானே வருகிற சமாசாரம். அதற்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பீரியட் எதற்கு? கம்ப்யூட்டர் அப்படி இல்லை. இந்த வயசில் விட்டால் விட்டதுதான். இரண்டாயிரமாவது வருஷத்தில் கம்ப்யூட்டர் தெரியாதவன் கண்ணில்லாதவன் மாதிரி என்று என் மைத்துனர் எழுதுகிறார். அவர் அங்கே பார்த்துக்கொண்டு எழுதுகிறார்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பது வாஸ்தவம். எங்காத்துக்காரர் ஜெயராம் ஒரு பாங்கில் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பதால் லோன் போட்டு வாங்கினார். அதற்கு உறை தைத்து மாட்டி, சனிக்கிழமை சனிக்கிழமை துடைத்து வைக்கிறோம். பிரணவைத் தொட விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். எனவே இருக்கிறவனுக்கே கொடுக்கிறார்கள் என்கிற மாதிரி நீங்கள் எழுதியது முழுக்க நியாயமில்லை.

இந்தப் பிள்ளை என்ன சொல்கிறான் தெரியுமா? "அம்மா, நான் புஷ்பம் டீச்சர் கிட்டயே இருக்கேனே. ஆத்துல நீ ஒண்ணுமே பண்ண விடமாட்டேங்கறியே" என்கிறான். பதின்மூன்று வயசுப் பிள்ளை, கணக்கில் எழுபத்தொன்று வாங்கினவன், எனக்குப் பக்கோடா போட வராதா என்று கண்கலங்குகிறான். நான் யாரிடம் போய்ச் சொல்ல?

உங்கள் பெண் கெட்டிக்காரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீட்டு பிரணவுடையது. லிஸ்ட்டில் இருப்பது அவன் பெயர்.

ஸ்ரீலக்ஷ்மி

பட்டினப்பாக்கம்
9.10.94, ஞாயிறு

பிரணவ் அம்மாவுக்கு,

தானே வருகிற சமாசாரம் என்றால் உங்கள் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது வரைக்கும் ஏன் வரவில்லை? வயசு வந்தால் வருமென்றால் உங்கள் வீட்டுக்காரருக்காவது வந்திருக்க வேண்டுமே.

கம்ப்யூட்டர் தெரியாதவன் கண்ணில்லாதவன் மாதிரி என்று உங்கள் மைத்துனர் எழுதினாராம். நல்ல மனுஷன், சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நான் கேட்பதெல்லாம், கண்ணில்லாமல் போகக் கூடாதது உங்கள் பிள்ளை மட்டும்தானா? இதைக் கடையில் படித்தபோது பல்லவன் பஸ் கண்டக்டர் ஒருவர் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்று "அக்கா, இத்த அப்படியே எழுது" என்றார். அப்படியே எழுதிவிட்டேன்.

நிஷா வீட்டில் செய்கிற கூத்தையும் கேளுங்கள். கம்ப்யூட்டர் கிடையாது. தேதிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து, அதன் பின்பக்கத்தில்தான் ப்ரோகிராம் எழுதுகிறாள். வரிக்கு வரி நம்பர் போட்டு எழுதி, விரலை வைத்துக்கொண்டு வாயால் ஓட்டிப் பார்க்கிறாள். சாம்பாரைக் கிளறுடி என்றால், "எத்தினி தபாம்மா? எப்போ நிறுத்தணும்? நிறுத்தச் சொல்லலேன்னா அது கிளறிக்கினே இருக்கும்" என்கிறாள். எது என்று கேட்டால் கம்ப்யூட்டராம். இங்கே சாம்பார் அடி பிடிக்கிறது. என் வீட்டுக்காரர் பெயிண்டர். "சுவத்துக்கு ரெண்டு கோட்டு அடிக்கணும்னா அதுக்கு எப்படி நைனா சொல்லுவே?" என்று அவரைப் பிடித்து உட்கார வைத்துப் படம் போடுகிறாள். கட்டம், அம்புக்குறி, இன்னொரு கட்டம். அந்த மனுஷனும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு விஷயம். சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், நீங்கள் கோபப்படுத்திவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர் தினமும் காலையில் கடற்கரைக்கு வாக்கிங் வருகிறார் இல்லையா? வெள்ளை ஷூ, நீலக் குடை? பாய் போன வாரம்தான் அடையாளம் காட்டினார். நாலு மாதமாக என்னிடம் இரண்டு வடை, கெட்டிச் சட்னி. எண்ணெய் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் அவரே சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுகிறார். இட்லிக் கடையை அவ்வளவு லேசாகப் பேசாதீர்கள்.

தேவானை

மயிலாப்பூர்
12.10.94

நிஷா அம்மாவுக்கு,

வாக்கிங் போகப் போக எடை ஏறுகிறதே, தைராய்டாக இருக்குமோ என்று நான் கபாலிக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "தேவானை கடையா? சட்னி பிரமாதமா இருக்குமே" என்றார். நான் கேட்ட கேள்வி அது இல்லை. இப்போது இரண்டு நாளாக மொட்டை மாடியிலேயே நடக்கிறார். உங்கள் வியாபாரத்துக்கு நஷ்டமென்றால் மன்னிக்கவும்.

நேற்று எங்கள் வீட்டுக் கொலுவில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் ஏழு மணி. ஏழெட்டு மாமிகள், பாட்டு நடந்துகொண்டிருக்கிறது. சீரியல் பல்பு, மிக்ஸி, ஃபேன் எல்லாம் சேர்ந்து இழுத்ததில் டப்பென்று கரண்ட் போய்விட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, எங்கள் வீடு மட்டும் இருட்டு. பாங்கில் ரூம் ரூமாய் இருக்கும் கம்ப்யூட்டரை மேய்க்கிற எங்காத்துக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் ஃப்யூஸ் கட்டையை ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் பண்ணினார். பண்டிகை நாளில் எவன் வருவான்?

பிரணவ் ஸ்டூலைப் போட்டு ஏறினான். மெயினை அணைத்தான். கட்டையைப் பிடுங்கினான். ஸ்கூல் பையிலிருந்து ஃப்யூஸ் கம்பியை எடுத்துச் சுற்றினான். "அப்பா, டார்ச்ச நேரா பிடி, ஆட்டாதே" என்று ஒரு அதட்டல். வெளிச்சம் வந்ததும் மாமிகள் எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா சொல்லிக் கொடுத்தாளா என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அதனால் ராத்திரி பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நிஷா சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வரட்டும். எங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். எங்காத்துக்காரர் சம்மதித்துவிட்டார். சம்மதிக்காமல் என்ன, வடை விஷயம் என் கையில் இருக்கிறது. பள்ளியில் சீட்டு மட்டும் பிரணவுக்கே இருக்கட்டும். உங்களுக்கும் நஷ்டமில்லை, எங்களுக்கும் நஷ்டமில்லை. சரிதானே?

ஸ்ரீலக்ஷ்மி

பட்டினப்பாக்கம்
14.10.94

பிரணவ் அம்மாவுக்கு,

வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் சம்பளம் கட்டிப் படிக்கிற பெண் எதற்கு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும்? பெல் அடித்து, நீங்கள் வந்து கதவைத் திறந்து, "வாம்மா" என்று சொன்ன பிறகு, கைகால் அலம்பிக்கொண்டு உள்ளே போய்த் தொட வேண்டுமா? நீங்கள் நல்ல மனசோடுதான் எழுதினீர்கள். எனக்குத் தெரிகிறது. ஆனால் உங்கள் மனசு மாறினால் அவள் கம்ப்யூட்டரும் போய்விடும். பள்ளிக்கூடத்துச் சீட்டு அப்படி இல்லை. அங்கே யார் தயவும் வேண்டாம்.

அன்றைக்கு ஹெட்மாஸ்டர் ரூமில் நீங்கள் சொன்னீர்களே, இட்லிக் கடைக்கு எதுக்கு என்று. நான் அதை அன்றைக்கே உதறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கிறவள் கேட்காத பேச்சா? ஆனால் வெளியே வராண்டாவில் நிஷா நின்றிருந்திருக்கிறாள். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். காலையில் ஸ்டவ் பற்ற வைக்கத் தாள் எடுத்தாள் பாருங்கள், காலண்டர் தாள். அவள் எழுதி வைத்த அத்தனையும். ஏன்டி என்றேன். "இன்னாத்துக்கும்மா இது, கடைக்கு வேணுமா?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

பாதித் தாளை நான் பிடுங்கி வைத்திருக்கிறேன். பாதி எரிந்துவிட்டது.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. லைப்ரரியில் தூசி தட்டுவதானால் தட்டட்டும்.

தேவானை

மயிலாப்பூர்
16.10.94

தேவானைக்கு,

பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன், அவற்றில் நான் ரொம்ப நல்லவளாக இருந்தேன்.

அன்றைக்கு நான் சொன்னது தப்பு. வாய் தவறி வந்த வார்த்தை என்று சொன்னால் பொய். மனசில் இருந்ததுதான் வந்தது. மன்னித்துவிடுங்கள். நிஷாவிடமும் நானே சொல்ல வேண்டும். எப்போது, எங்கே என்று நீங்கள் சொல்லுங்கள், வருகிறேன்.

நான் பி.எஸ்ஸி. கணக்கு, யூனிவர்சிட்டியில் ஏழாவது ராங்க். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அந்த மார்க் ஷீட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கல்யாணமான பிறகு அதை ஒருவரும் கேட்டதில்லை. பால்காரருக்கு எத்தனை நாள் பால் இல்லை என்று கழித்துச் சொல்வதோடு என் கணக்கு முடிந்துபோயிற்று. பிரணவ் தொண்ணூற்று நாலு என்றதும் நானே வாங்கினது மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். இருபது வருஷம் கழித்து எனக்கு வந்த மார்க் அது. அதை விட மனசு வராமல்தான் உங்களோடு இவ்வளவு நாள் மல்லுக்கு நின்றேன். சீட்டு, நியாயம், லிஸ்ட் எல்லாம் சும்மா.

நிஷா கம்ப்யூட்டரில் உட்காரட்டும். பிரணவ் புஷ்பம் டீச்சரிடம் இருக்கட்டும், சொந்தப் பெயரில். நியூஜெர்சிக்கு நேற்றே எழுதிவிட்டேன், தொண்ணூற்று நாலு வாங்கியது பிரணவின் வகுப்பில் படிக்கும் நிஷா என்ற பெண் என்று. பிரணவ் ஃப்யூஸ் போட்டதையும் எழுதினேன். அவர் வீட்டில் ஃப்யூஸ் போனால் என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறேன்.

இப்படியே ஹெட்மாஸ்டருக்குக் கடிதம் எழுதி அனுப்பட்டுமா?

ஸ்ரீலக்ஷ்மி

பட்டினப்பாக்கம்
18.10.94

ஸ்ரீலக்ஷ்மி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கடையில் படிக்கவில்லை. நானே வீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அந்தக் கண்டக்டர் வேறு துளைத்து எடுக்கிறார். கதை முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

மன்னிப்பெல்லாம் போதும். இன்னும் கேட்டால் எனக்கு அழுகை வரும். நிஷாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். "ஏழாவது ராங்க்கா? அப்போ எனக்கு அல்ஜீப்ரா சொல்லித் தருவாங்களா?" என்றாள். பிழைக்கத் தெரிந்த பெண்.

ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி கடிதம் எழுத முடியாது. ஏன் என்று சொல்கிறேன், திட்டாமல் கேளுங்கள்.

நேற்று என் பக்கத்து வீட்டு சகினாவிடம் பெருமையாகச் சொன்னேன். நிஷாவுக்குச் சீட்டு கிடைச்சிடுச்சு, ஸ்ரீலக்ஷ்மி அம்மா விட்டுக்கொடுத்தாங்க என்று. அவள் பெண்ணும் அதே வகுப்புதான், கணக்கில் ஐம்பத்தாறு, புஷ்பம் டீச்சர் பக்கம். சகினா குடத்தைக் கீழே வைத்தாள். அப்புறம், "உன் பொண்ணுக்கு மட்டும்தானாக்கா?" என்றாள்.

நான் உங்களைக் கேட்ட கேள்வி.

அதனால் இப்படி யோசித்தேன். நாற்பது பிள்ளைகள். டிசம்பர் வரைக்கும் இருபது பேர் அங்கே, இருபது பேர் இங்கே. பொங்கல் முடிந்து அப்படியே மாறிக்கொள்ளட்டும். எல்லாருக்கும் இரண்டும் கிடைக்கும். பிரணவும் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுவான், உங்களுக்கு ஆறுதல். ஆனால் நிஷாவுக்கு ஜனவரியோடு கம்ப்யூட்டர் போய்விடும். அவளிடம் சொல்லிவிட்டேன். "டிசம்பருக்குள்ள எல்லாத்தையும் கத்துக்கறேன்" என்றாள். அது முடிகிற காரியமா என்று எனக்குத் தெரியாது.

அவள் புஷ்பம் டீச்சரிடம் போனால் மறுபடியும் ஸ்டவ் பற்ற வைக்கிற பாடம் வேண்டாம். வாழ்க்கைக் கல்வி என்றால் சமையலும் தையலும் மட்டும்தானா? போன மாதம் பாங்கில் சலான் எழுதத் தெரியாமல் நான் வரிசையில் மூன்று பேரைக் கெஞ்சினேன். மனு எழுதுகிற நான். ரயில் டிக்கெட் ஃபாரம், பாங்க் சலான், போலீஸ் ஸ்டேஷனில் எப்படிப் புகார் கொடுப்பது, ஆஸ்பத்திரியில் எங்கே சீட்டு வாங்குவது, இதெல்லாம் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மாதிரி எழுத எனக்கு வராது. நீங்கள் எழுதுங்கள், நான் திருத்துகிறேன்.

தேவானை

மயிலாப்பூர்
19.10.94

தேவானைக்கு,

இரண்டு வாரமாக நாம் அடித்துக்கொண்ட சண்டையில், இருபதும் இருபதும் நாற்பது என்பது கணக்கில் ராங்க் வாங்கின எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஜனவரிக்கு ஒரு வழி சொல்கிறேன். வேண்டாம் என்று தொடங்காமல் முழுக்கப் படியுங்கள். இப்போதிலிருந்தே சனிக்கிழமைதோறும் காலை பிரணவ் உங்கள் கடைக்கு வரட்டும். பம்ப் ஸ்டவ், மாவுப் பதம், சட்னி, கூட்டத்தைச் சமாளிப்பது எல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். தப்புச் செய்தால் திட்டுங்கள், அவனை இதுவரை யாரும் சரியாகத் திட்டியதில்லை. அன்று மத்தியானம் நிஷா இங்கே வருவாள். கம்ப்யூட்டரும் அல்ஜீப்ராவும். என் பிள்ளை உங்கள் வாசலில் வந்து நிற்கிறான், உங்கள் பெண் என் வாசலில். யார் தயவும் இல்லை. ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தலாம்.

ஹெட்மாஸ்டருக்கு எழுதிய கடிதம் இதோடு இருக்கிறது. உங்கள் கையெழுத்து முதலில். நான் இரண்டாவது போட்டிருக்கிறேன்.

ஸ்ரீலக்ஷ்மி

20.10.1994

தலைமையாசிரியர் திரு. வேதாந்தம் அவர்களுக்கு,

ஐயா,

நீங்கள் கேட்ட கடிதம். ஒரே தாளில்தான் இருக்கிறது. இரண்டு கையெழுத்தும் இருக்கிறது.

காலாண்டுத் தேர்வில் ரோல் நம்பர் இருபத்திரண்டுக்குப் போட்ட தொண்ணூற்று நாலு மதிப்பெண் நிஷா வாங்கியது. அவள் ரிப்போர்ட்டில் அதை எழுதித் தர வேண்டும். வாழ்க்கைக் கல்வியில் நிஷா பெயருக்கு விழுந்த எண்பத்தொன்று பிரணவ் வாங்கியது. அவனுக்கு அதை எழுதித் தர வேண்டும். நிஷாவின் அம்மா இதையும் சொல்லச் சொல்கிறார்: நிஷா தைத்திருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது.

எங்கள் பிள்ளைகள் உங்களை ஏமாற்றியது தப்பு. ஆனால் பதின்மூன்று வயசுப் பிள்ளைகள் இரண்டு பேர், தங்களுக்குத் தெரியாதது எந்த ரூமில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே போய் உட்கார்ந்தார்கள். அதை மார்க்கை வைத்துப் பிரித்த பெரியவர்கள் செய்யவில்லை. ஸ்டவ் தெரிந்தவளுக்கு ஸ்டவ், கம்ப்யூட்டர் இருக்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு?

டிசம்பர் வரை நிஷா கம்ப்யூட்டரிலும் பிரணவ் வாழ்க்கைக் கல்வியிலும் இருக்கட்டும். ஜனவரியில் நாற்பது பேரும் இடம் மாறட்டும். யாருக்கும் இரண்டில் ஒன்று இல்லாமல் போகக் கூடாது. புஷ்பம் டீச்சர் பாடத்தில் பாங்க் சலானும் ரயில் ஃபாரமும் சேர்க்க வேண்டும். சலான் எழுத ஸ்ரீலக்ஷ்மி வந்து சொல்லிக் கொடுப்பார். கம்ப்யூட்டர் சார் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

சம்மதமில்லை என்றால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நேரில் வருகிறோம்.

தேவானை
ஸ்ரீலக்ஷ்மி

பட்டினப்பாக்கம்
29.10.94, சனி

ஸ்ரீலக்ஷ்மிக்கு,

பிரணவ் இப்போதுதான் கடையிலிருந்து கிளம்பினான். இன்று முதல் நாள், ஆறு வடையைக் கருக்கினான், ஏழாவதை நானே சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. திட்டச் சொன்னீர்கள், மனசு வரவில்லை. அடுத்த வாரம் திட்டுகிறேன். நிஷா உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறாள். இந்தக் கடிதம் அவள் கையில்தான் வருகிறது, பாய்க்கு ஓய்வு கொடுத்துவிட்டேன்.

நேற்று பள்ளிக்கூடம் போனேன். ரிப்போர்ட்டைத் திருத்திவிட்டோம், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்ததும் பின்னால் நீங்களும் வருகிறீர்களா என்று எட்டிப் பார்த்தார். தனியாகத்தான் வந்தேன் என்று சொன்ன பிறகு உட்காரச் சொன்னார். ஜனவரியில் மாற்றிவிடுவதாகச் சொன்னார். சகினாவுக்குச் சொல்லிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டதும் கிளம்பியிருக்க வேண்டும். சாயங்காலக் கடைக்கு மாவு அரைக்கவில்லை. ஆனால் கால் அந்தக் கம்ப்யூட்டர் ரூம் பக்கம் போய்விட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். உள்ளே அப்படி ஒரு குளிர். "யாரும்மா நீங்க?" என்றார் சார். நிஷாவோட அம்மா என்றேன். "ஓ, நிஷா அம்மாவா, வாங்க" என்றார். அவருக்குப் பெயர் தெரிந்திருந்தது.

நிஷா ஓரத்து மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூன்று பையன்கள், இவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிஷா என்று கூப்பிட்டேன். காதில் விழவில்லை. இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கையை மட்டும் தூக்கி, "ஒரு நிமிஷம்மா, இரு" என்றாள்.

நடக்கத் தொடங்கின நாளிலிருந்து நான் கூப்பிட்டால் ஓடி வருகிற பெண். சட்னி எடுடி என்றால் சட்னி, தண்ணி எடுடி என்றால் தண்ணி, படிக்கிற புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடி வருவாள். நேற்றுதான் முதல் தடவையாக என்னைக் காக்க வைத்தாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அதற்குத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மணி அடிக்கிற வரைக்கும் அந்தக் குளிரில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். நேற்று சாயங்காலம் கடை திறக்கவில்லை.

தேவானை